பத்தாத சத்தம்

பெத்தணன் ஆள்காட்டி விரலைத் தொடைமேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டதும் அந்த விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று ஷிபானா என்கிற அந்தப் பிள்ளை சொல்லிவிட்டுப் போயிருந்தது. ஆறடிக்கு ஆறடி அறை. நாலு சுவரிலும் பஞ்சு வைத்து அடித்திருந்தார்கள். கதவைச் சாத்தியதும் விருதுநகர் பஜாரின் அத்தனை இரைச்சலும் நின்றுபோனது. காதை மூடி மாட்டியிருந்த இரண்டு கிண்ணங்களும் கன்னத்தை நெருக்கின. எதிரே சின்னக் கண்ணாடிச் சன்னல். அதற்கு அந்தப்பக்கம் ஷிபானா தலையைக் குனிந்து எதையோ திருகுவதும், நிமிர்ந்து இவர் விரலைப் பார்ப்பதும், எழுதுவதுமாக இருந்தது. மிஷினைச் சரிபண்ணுகிறது போல என்று இவரும் பொறுத்துப் பார்த்தார். காதுக்குள் வருசக்கணக்காக விடாத அந்தச் சங்கு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. வெளியில் என்றால் பஸ், ஆட்டோ, சனம் என்று அதற்கு எதிராளிகள் உண்டு. இந்தப் பஞ்சு ரூமில் யாருமில்லை. வந்தது வசதி என்று அது மண்டை முழுக்கக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

நடுவில் ஒரு தடவை 'கூ' என்று ஏதோ கேட்டது. விரலைத் தூக்கினார். அப்புறம் இன்னொரு தடவை. அப்புறம் ஒன்றுமில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கடுத்தது. அறுபத்தாறு வயசு மனுசனை மதிக்கிற லட்சணம் இதுதானா என்று கோபம் வந்தது. கிண்ணங்களைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினார்.

"ஏத்தா, எம்புட்டு நேரம் சும்மா ஒக்கார வச்சிருப்ப? மிசினு ஓடுதா இல்லையா? கரண்டு இல்லேன்னாச் சொல்லு, போயி ஒரு டீயாவது குடிச்சிட்டு வாரேன்."

ஷிபானா எழுந்து வந்தது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னது.

"ஐயா, நான் ஆரம்பிச்சு இருவது நிமிசமாச்சு. ரெண்டு காதும் முடிஞ்சிருச்சு."

"என்னத்த முடிஞ்சிருச்சு? ரெண்டே ரெண்டு தரம் கூவுன. அதுக்கா இருவது நிமிசம்?"

பிள்ளை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் தங்கச்சி சண்முகத்தாயைக் கூப்பிட்டது. அவளை உள்ளே உட்காரவைத்து, அதே கிண்ணங்களை மாட்டி, அதே இடத்தில் வைத்துத் திருகியது. சண்முகத்தாய் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கிண்ணங்களைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"ஆத்தாடி! காதுக்குள்ள கம்பிய விட்டு ஆட்டுன மாதிரில்ல இருக்கு! என்னம்மா இது!"

இவர் அந்தக் கிண்ணத்தை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. சங்குதான். ஷிபானாவைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களோ என்றுகூட ஒரு நிமிசம் நினைத்தார். ஆனால் சண்முகத்தாய்க்கு நடிக்க வராது. புருசன் செத்த அன்றைக்கே வாய்விட்டு அழத் தெரியாமல் நின்றவள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. சத்தம் தாளாமல் வந்த தண்ணீர். 

அந்தச் சங்கு வந்து பன்னிரண்டு வருசம் இருக்கும். வந்த புதிதில் அது ஆலங்குளம் சிமெண்ட் பேக்டரிச் சங்கு என்றுதான் சத்தியமாக நம்பினார். காற்று தோதாக அடித்தால் இவர் ஊரான வெம்பக்கோட்டை வரைக்கும் கேட்கும் என்று சொல்லுவார்கள். இரண்டு நாள் பொறுத்தார், மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் பஸ் ஏறிப் போய், வாட்ச்மேனிடம், ராப்பகலா ஊதுறீங்களே, மனுசன் மக்க இருக்க வேண்டாமா என்று சண்டைக்கு நின்றார். "பெருசு, சங்கு காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. இப்ப ஊதுதா? ஒமக்கு ஊதுதுன்னா அது ஒம்ம மண்டைக்குள்ளதான் ஊதுது" என்றான் அவன். அவன் நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்துத் திட்டிவிட்டு வந்தார். பாதி வழி வந்த பிறகுதான், சங்குக்குப் பக்கத்தில் போயும் சத்தம் கூடவும் இல்லை, இத்தனை மைல் தள்ளி வந்தும் குறையவும் இல்லையே என்று உறைத்தது.

பிறகு விசாரித்தால் பட்டாசுக் கம்பெனிகளில் இவரைப்போல வெடி போட்டுப் பார்க்கிற ஆட்கள் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று ஊதிக்கொண்டுதான் இருந்தது. ஒருத்தனுக்கு மாவு மில், ஒருத்தனுக்கு பம்ப் ஸ்டவ். டீக்கடையில் கூடினால், என்னப்பா, இன்னைக்கு ஒன் மில்லு எப்படி ஓடுது என்று கேட்டுக்கொள்வார்கள். கையில் மருந்துக்கறை ஏறுகிற மாதிரி அது அந்த வேலையோடு வருவது என்று விட்டுவிட்டார்கள்.

டாக்டர்களிடமும் போகாமல் இல்லை. முதல் ஆள் அழுக்கு என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தான். இரண்டாவது ஆள் நரம்பு என்று மாத்திரை கொடுத்தான். மூன்றாவது ஆள் வயசு என்றான். வயசுக்கு எதற்கு நூறு ரூபாய் பீஸ் என்று கேட்டுவிட்டு வந்தார். நாலாவது ஆள் எதையோ எழுதிக் கொடுத்து மதுரைக்குப் போகச் சொன்னான். அது மனநோய்க்கு என்று மருந்துக்கடைக்காரன் வாசித்துச் சொன்னதும் கிழித்துப் போட்டார். ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் கேட்பதில்லை; சீட்டை வாங்கித் திருப்பிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு ஆகாது.

சண்முகத்தாய்தான் இழுத்து வந்தாள். திருத்தங்கலில் அவள் வேலை பார்க்கிற தீப்பெட்டிக் கம்பெனிக்கு இந்த ஷிபானா வந்து நோட்டீசு கொடுத்துப் பேசியிருக்கிறது. காதுக்குள் இரைச்சல் உள்ளவர்கள் செவ்வாய்க்கிழமை வரலாம், மூன்று பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், அங்கே போ இங்கே போ என்று யாரும் விரட்ட மாட்டார்கள் என்று. இரண்டு மாதமாக இவரை அரித்து எடுத்துவிட்டாள். அவள் ஏன் இதற்கு இவ்வளவு அவசரப்படுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. கூடப்பிறந்த பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

மேஜையில் சொன்னபடியே மூன்று பேர் இருந்தார்கள். காது டாக்டர் சுந்தரபாண்டி, நரைத்த மீசை, வேட்டி கட்டினால் ஊர்ப் பெரியதனக்காரர் மாதிரி இருப்பார். பக்கத்தில் புகழேந்தி என்று ஒரு ஆள்; அவர் மருந்து மாத்திரை கொடுக்கிறவர் இல்லை, பேசுகிறவர் என்றார்கள். பேசுவதற்கு ஒரு சம்பளமா என்று பெத்தணன் நினைத்தார். மூன்றாவது ஷிபானா. விருதுநகரில் பருப்பு வியாபாரம் பண்ணுகிற ஜெய்லானி ராவுத்தர் மகள். சென்னையில் போய்க் காது சோதிக்கிற படிப்புப் படித்து வந்தது. மற்ற இரண்டு பேரையும் ஒரு மேஜைக்கு இழுத்தது அதுதானாம். அவர் கொண்டுவந்திருந்த ஜவுளிக்கடைப் பையிலிருந்த பழைய சீட்டுகளை மூன்று பேரும் கைமாற்றி வாசித்தார்கள். வாசித்துவிட்டு டாக்டரே, "நாங்க ஆளாளுக்கு ஒரு பக்கமா ஒங்கள இழுத்தடிச்சிருக்கோம் பெரியவரே" என்றார். டாக்டர் வாயில் இப்படி ஒரு வார்த்தை வரும் என்று பெத்தணன் நினைக்கவில்லை. ஆனாலும் இதில் என்ன சூது இருக்கிறதோ என்று ஒரு கண் வைத்துக்கொண்டார்.

ஷிபானா ஒரு தாளை நடுவில் வைத்தது. கட்டம் போட்ட தாள். அதில் ஒரு கோடு மேலே தொடங்கிக் கிணற்றுக்குள் இறங்குகிற படி மாதிரி சரிந்து கீழே போயிருந்தது. டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா என்ன வேலை பாத்தீங்க?" என்று புகழேந்தி கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பெத்தணன் முதுகை நிமிர்த்தினார். வெகுநாளாக அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

"நான் பட்டாசுக் கம்பெனியில பாஸ் போடுறவன். முப்பத்தோரு வருசம். ஒரு லாட்டு அணுகுண்டு தயாரானா அதுல அஞ்ச உருவி பொட்டலுக்குக் கொண்டாருவாக. நான் பத்த வச்சிட்டுப் பதினஞ்சு எட்டு வச்சுத் தள்ளி நிப்பேன். கண்ண மூடிக்கிருவேன். கண்ணு தொறந்திருந்தா காது பொய் சொல்லும். வெடிச்சதும் ஒத்தச் சொல்லுதான். 'ஆச்சு'ம்பேன். இல்லேன்னா 'பத்தல'ம்பேன். ஆச்சுன்னா லோடு ஏறும். பத்தலேன்னா சீட்டு திரும்பக் கலவை ரூமுக்குப் போகும், மருந்துல காரம், அதான் வேகம், கூட்டுவாக. மொதலாளியே வந்தாலும் எஞ்சொல்லுதான். சத்தம் அளக்குற மீட்டரு ஒண்ணு ஆபீசுல கெடந்துச்சு, அதிகாரி வந்தா வெளிய எடுப்பாக. மத்தபடி எங்காதுதான் மீட்டரு."

"காதுல பஞ்சு கிஞ்சு வச்சுக்கிருவீங்களா?" என்றது ஷிபானா.

"நல்லாருக்கே கத! பஞ்ச வச்சா எப்பிடித்தா சத்தம் தெரியும்? பொட்டலுக்கு வர்ற புதுப்பயலுக காதப் பொத்துவானுக. போயி பூவாணம் செய்யிங்கடான்னு வெரட்டி விடுவேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. தாளைத் தட்டினார். "பெரியவரே, இது நேத்து முந்தாநாள் போன காது இல்ல. கம்மியாச் சொன்னாலும் பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முந்தியே பாதி போயிருக்கு. அந்தச் சங்கு சத்தமே அதனால வந்ததுதான். வெளிச்சத்தம் உள்ள வாரது கொறஞ்சதும் உள்ள அது பெருக்கிக்கிட்டு நிக்குது."

"இருக்கட்டும்" என்றார் பெத்தணன். "கடைசி வரைக்கும் எஞ்சோலிய நான் சுத்தமாத்தான் பாத்தேன். சொல்லப்போனா கடேசி ஆறேழு வருசந்தான் ரொம்பக் கறாரு. முந்தி பத்து லாட்டுக்கு ஒண்ணு பத்தலேம்பேன். அப்பறம் பயக வேலையில சோம்பேறித்தனம் வந்துருச்சு, பத்துக்கு ஆறு பத்தாமத்தான் வந்துச்சு. நானும் விடலயே. பத்தல, பத்தலன்னு திருப்பித் திருப்பி அனுப்பிச் சரியா வர வச்சேன். எங்க கம்பெனி வெடின்னா வடக்க அம்புட்டுக் கிராக்கி. சன்னல் கண்ணாடி ஆடுதுன்னு சொல்லி ஆர்டர் குடுத்தாக."

சொல்லி முடித்துவிட்டு மூன்று பேர் முகத்தையும் பார்த்தார்.  ஷிபானாவின் பேனா தாளில் வைத்த இடத்திலேயே நின்றிருந்தது. புகழேந்தி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்தார். எதற்கு இப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பெத்தணன் தங்கச்சி பக்கம் திரும்பினார். சண்முகத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. புருசன் சுடலை போன நாளிலிருந்து அவள் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது முணுமுணுப்பாள். சாமி கும்பிடுகிறாள் என்று இவர் விட்டுவிடுவார்.

சுடலை.

அப்போதுதான் அது அவருக்குள் இறங்கியது. ஒரேயடியாக இல்லை, பொட்டலில் திரி பிடித்து, புகைந்து, கொஞ்சம் அணைந்த மாதிரி இருந்து, சரி போய்விட்டது என்று காலை எடுத்து வைக்கும்போது வெடிக்குமே, அப்படி. சுடலை, இவருடைய தங்கச்சி மாப்பிளை. அதே கம்பெனியில் கலவை ரூமில் மருந்து கலக்கினவன். இவர் அனுப்புகிற 'பத்தல' சீட்டு அவன் கைக்குத்தான் போகும். காரம் கூட்டுகிறவன் அவன்தான். ஐந்து வருசத்துக்கு முன்னால், சித்திரை மாதம், காலை ஏழரை மணி. இவர் பொட்டலில் நின்றுகொண்டிருந்தார். தரை அதிர்ந்து காலில் ஏறியதே தவிர, கலவை ரூம் வெடித்துப் போன சத்தம் அவருக்குப் பெரிதாகக் கேட்கவில்லை. ஏதோ கதவை அறைந்து சாத்தின மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அங்கே ரூம் இல்லை. புகை மட்டும் நின்றது. மாப்பிளே, மாப்பிளே என்று கத்திக்கொண்டு ஓடினார். தன் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

விபத்துக்குக் காரணம் உராய்வு என்று அதிகாரிகள் எழுதி முடித்தார்கள். பெத்தணன் விடவில்லை. போர்மேன் காளிராஜ்தான் லாபத்துக்காக அளவுக்கு மீறிக் காரம் போடச் சொன்னான் என்று ஊர் முழுக்கச் சொன்னார், விசாரணைக்கு வந்தவர்களிடமும் சொன்னார். காளிராஜ் மயானத்தில் வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "ஓய், நீரு பத்தல பத்தலன்னு சீட்டு அனுப்புனதுக்குத்தானவே கூட்டச் சொன்னேன்" என்றான். அத்தனை பேருக்கு முன்னால் அவனைச் செருப்பால் அடித்தார். அவன் மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்து ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போனான். அன்றைக்கு அடித்த அடியை நினைத்து இந்த ஐந்து வருசமும் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. மாப்பிளைக்கு அதையாவது செய்தோம் என்று.

பெத்தணன் மேஜைமேல் இருந்த தாளை எடுத்தார். அவருக்கு எழுத்து தெரியாது. பஸ் நம்பர் பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடு சரிகிறதைப் படிக்க எழுத்து எதற்கு?

"இது... இது எந்த வருசத்துலருந்துன்னு சொன்னீக?"

"பெரியவரே" என்றார் டாக்டர். குரலை இறக்கியிருப்பார் போல. வாய் அசைந்தது, கேட்கவில்லை. பிறகு உரக்கச் சொன்னார். "எதுக்குக் கேக்கீங்கன்னு தெரியல. ஆனா காது எப்பப் போச்சுங்கிறத மட்டும்தான் இந்தத் தாளு சொல்லும். வேற எதையும் சொல்லாது."

புகழேந்தி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். பெத்தணன் அதைத் தொடவில்லை. இந்த மூன்று பேரும் தன்னிடம் காதைப் பற்றிக் கேட்கத்தான் உட்கார்ந்தார்கள். அதில் அவர்களுக்கும் ஒரு அதிர்ச்சி கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. ஷிபானாவின் முகம் வெளுத்திருந்தது. இதுவரைக்கும் நாலு டாக்டர் பார்த்தும் ஒருத்தன்கூட என்ன வேலை பார்த்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அன்றைக்கு சுடலை உயிரோடு இருந்தான்.

ஷிபானாதான் எழுந்தது. வந்த வேலையைப் பார்ப்போம் என்று நினைத்ததோ, என்ன சொல்வது என்று தெரியாமல் கைக்கு ஒரு வேலை தேடியதோ. ஒரு டப்பாவிலிருந்து முந்திரிக்கொட்டை அளவில் ஒரு மிஷினை எடுத்தது. "ஐயா, இத ஒரு வாரம் மாட்டிப் பாருங்க. வெளிச்சத்தம் உள்ள போனா அந்தச் சங்கு கொஞ்சம் பின்னால போகும். கைய வச்சு மட்டும் பொத்தாதீங்க, பொத்துனா விசில் அடிக்கும்." அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தாளைப் பிடித்த கையோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளை அவரை மேஜையின் இந்தக் கடைசிக்குத் திருப்பி உட்கார வைத்து, வலது காதுக்குப் பின்னால் மிஷினை மாட்டி, ரப்பர் மூக்கைக் காதுக்குள் செருகி, எதையோ திருகியது.

முதலில் ஒரு சரசரப்பு. மின்விசிறி. இத்தனை நேரமும் தலைக்கு மேல் அது சுற்றிக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கடக், கடக் என்று அது ஒவ்வொரு சுற்றுக்கும் முனகுவது இப்போதுதான் தெரிந்தது. பிறகு வாசலில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு போவது. ஷிபானாவின் சேலைத் தலைப்பு உரசுவது. சங்கு இருந்தது, ஆனால் அடுத்த தெருவுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. பன்னிரண்டு வருசத்தில் முதல் தடவை. சந்தோசப்பட வேண்டியதுதான். அப்போது முதுகுக்குப் பின்னால், மேஜையின் அந்தக் கடைசியிலிருந்து, சண்முகத்தாயின் குரல் வந்தது. மெதுவான குரல். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இவரிடம் பேசும்போதெல்லாம் அவள் கத்தித்தான் பேசுவாள்.

"அவுகளுக்குத் தெரியும் சார். எங்க வீட்டுக்காரவுகளுக்கு." புகழேந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "சோத்துல கைய வச்சுக்கிட்டே சொன்னாக. 'ஒங்கண்ணனுக்குக் காது போயிருச்சு சம்முகம். எம்புட்டுக் காரம் போட்டாலும் பத்தலங்காரு. எனக்கு அந்த மருந்தக் கையில தொடவே பயமா இருக்கு. நாளைக்குப் போர்மேன்ட்டச் சொல்லிரப்போறேன்'னு. நாந்தான் சார் வேண்டாம்னேன். சொன்னா அண்ணன் வேலை போயிரும், அந்தப் பொட்டல விட்டா அவனுக்கு நாதி ஏது, கூடப்பெறந்தவன ஊரு சிரிக்க வைக்காதீகன்னு. எந்தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டேன். சரி விடுன்னு எந்திரிச்சுக் கையக் கழுவிட்டாக. அதுக்கப்பறம் பத்து நாளுதான்."

"இத அண்ணன்கிட்ட என்னைக்காவது சொன்னீங்களாம்மா?"

"தெனம் சொல்லுதேன் சார். பக்கத்துல ஒக்காந்து தெனந்தான் சொல்லுதேன். அவனுக்குத்தான் கேக்காதுல்ல."

மின்விசிறி கடக், கடக் என்றது. ஷிபானாவின் கை அவர் காதருகிலேயே நின்றுவிட்டது. அது அவர் முகத்தைப் பார்க்கவில்லை; அவர் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெத்தணனும் குனிந்து பார்த்தார். அவருடைய ஆள்காட்டி விரல் தூக்கிக்கொண்டு நின்றது. எப்போது தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. இடது கையால் அந்த விரலைப் பிடித்து மடக்கினார். பிள்ளையைப் பார்த்துத் தலையை ஆட்டினார், தனக்குக் கேட்டதைச் சொல்ல வேண்டாம் என்று. அதற்கு விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேவையில்லாமல் இன்னொரு தரம் மிஷினைச் சரிபண்ணியது.

"அடுத்த செவ்வாக்கெழம வரணும்ங்கய்யா" என்றது. "கண்டிப்பா வரணும். ஒங்க கூடப் பொட்டல்ல நின்னவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க. நாங்க கூப்பிட்டா வேலை போயிரும்னு பயந்து வர மாட்டேங்காங்க."

வேலை போயிரும் என்று பயந்து. பெத்தணன் எழுந்து நடந்தார்.

சிவகாசியில் இறங்கி வெம்பக்கோட்டை பஸ்ஸில் ஏறும்போது மணி நாலு. சீசன் சமயம், பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் கையில் மருந்துக்கறையோடு வேலை முடிந்து போகிறவர்கள். சண்முகத்தாய் சன்னலோரம் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவள் வழக்கம்போலக் கத்திக்கொண்டு வந்தாள். "அண்ணே, மிசினு எப்பிடி இருக்கு? குத்துதா?" குத்தல என்றார். "டிக்கெட்ட சட்டப்பையில வையி!" வைத்தார். ஒவ்வொரு கத்தலும் மண்டைக்குள் ஆணியாக இறங்கியது. மெதுவாகப் பேசு, எனக்குக் கேக்குது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவளுக்கு மற்றதும் தெரிந்துவிடும். ஐந்து வருசமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இறக்கி வைத்துக்கொண்டிருந்தது ஒரு செவிட்டுக் காதில். அந்தக் காதையும் பிடுங்கிவிட்டால் அவள் எங்கே போவாள்? இவரும்தான் எங்கே போவார்? காளிராஜ் எந்த ஊரில் இருக்கிறானோ. போய் அவன் காலில் விழுவதற்குக்கூட முகவரி தெரியாது.

பஸ் ஊரைத் தாண்டியது. அங்கங்கே கருவேலம், வேலிக் கம்பி, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் ஒற்றை ரூம்கள். ஒரு கம்பெனியின் பின்பக்கம் வெறும் பொட்டல் தெரிந்தது. நடுவில் ஒரு ஆள் குனிந்து நிமிர்ந்து, பதினைந்து எட்டு தள்ளிப் போய் நின்றான். கண்ணை மூடியிருப்பான். பெத்தணன் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. என்ன சொல்லிக் கத்துவது?

வெடித்தது.

பெத்தணன் தூக்கிவாரிப்போட்டுத் தலைக்கு மேலிருந்த கம்பியில் மண்டை இடிக்கக் குதித்தார். பஸ்ஸில் வேறு ஒருத்தரும் அசையவில்லை. அவர்களுக்கு அது தினப்படி. முப்பத்தோரு வருசம் பொட்டலில் நின்று ஒரு தடவைகூட இமையை அசைக்காத மனுசன் வெடவெடத்துப்போய் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்படியா இருக்கும்? இதையா பத்தல என்று சொன்னோம்?

சண்முகத்தாய் அவரைப் பார்த்தாள். அவர் மண்டையைப் பார்த்தாள், காதில் இருந்த மிஷினைப் பார்த்தாள்.  அவள் கத்தவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது, அவள் தினமும் முணுமுணுக்கிற அதே குரலில்.

"அண்ணே. ஆஸ்பத்திரியில வச்சே கேட்டுச்சா?"

அவர் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்தியதுதான் தாமதம், வலது உள்ளங்கைக்குள்ளிருந்து 'வீ' என்று ஒரு விசில் கிளம்பியது. ஒல்லியான, நிற்காத சத்தம். முன்னால் நின்ற பெண்கள் திரும்பினார்கள். "யாருய்யா அது பஸ்ஸுக்குள்ள விசில் அடிக்கது? நானே சும்மாத்தான வாரேன்!" என்று கண்டக்டர் பின்னாலிருந்து சத்தம் போட்டான். ரெண்டு பேர் சிரித்தார்கள். பெத்தணன் கையை எடுக்கவில்லை. பன்னிரண்டு வருசமாக இவர் ஒருத்தர் மட்டும் கேட்டது இப்போது பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

சண்முகத்தாய் திரும்பி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கவில்லை. குனிந்து அவர் கைமேல் தன் காதை வைத்தாள்.

"எனக்குங் கேக்குதுண்ணே" என்றாள்.

பொட்டலில் அந்த ஆள் மறுபடி குனிந்தான். ஒரு லாட்டுக்கு ஐந்து. இன்னும் நாலு இருந்தது.